ஷுஜாத் மியான் பார்க்காத பக்கம்

"கழுவிட்டாங்க! இன்னைக்கும் ஒருத்தி கழுவிக் கொண்டாந்துட்டா!"

பழங்காசு வியாபாரி ஷுஜாத் மியானுக்குப் பொழுது விடியறதே இந்தப் புலம்பல்லதான். வியாழக்கிழமைன்னா ஜுமேராத் பஜார்ல, மத்த நாள்ல வீட்டு வாசல்ல. பெட்டி அடியில கறுத்துக் கிடந்த வெள்ளிக் காசைப் புளி போட்டுத் தேய்ச்சு, சாம்பல் போட்டு விளக்கி, பளபளன்னு விக்கக் கொண்டாந்து நீட்டுவாங்க பொம்பளைங்க. அவர் தலையில கையை வெச்சுக்குவார்.

"ஏம்மா, இது காசா, குழம்புச் சட்டியா? நூறு வருஷத்துக் கறுப்பை அஞ்சு நிமிஷத்துல உரிச்சிட்டியே. உரிச்ச கோழிக்கு எவன் மயில் விலை குடுப்பான்?"

அந்தப் பொம்பளைக்கும் கோபம் வரும். "அழுக்கா இருந்துச்சேன்னு கழுவினேன் பாய். நல்லது பண்ணா திட்டறீங்களே!"

எதையும் விளிம்புலதான் பிடிப்பார். காசு மேல விரல் ரேகை படக்கூடாதுன்னு பழகி, இப்போ சாய் கிளாஸையும் அப்படியே, உஸ்மானியா பிஸ்கட்டையும் அப்படியே. அவர் பொண்டாட்டி தஸ்னீம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. "நிக்காஹ் அன்னிக்கு என் கையைக்கூட ரெண்டு விரலாலதான் பிடிச்சாரு. ஏங்க, நான் என்ன நிஜாம் காலத்துக் காசா?"

உப்பு வாங்கி வரச் சொன்னா அடுப்புல பருப்பு அடிப்பிடிச்சுடும். மனுஷன் கடை வாசல்ல நின்னு சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டிருப்பார். காசு அடிக்கிற ஆலையில தப்பா விழுந்த காசு ஏதாவது மாட்டுமான்னு. ஓரம் வெட்டுப்பட்டது, படம் ஒதுங்கிப் போனது, ரெண்டு தடவை அடி வாங்கினது. மாட்டிட்டா அன்னைக்குச் சோறு வேணாம். "நான் ரொட்டியைக் கோணலாச் சுட்டா மூஞ்சியத் தூக்கறாரு. ஆலைக்காரன் கோணலா அடிச்சா முத்தம் குடுக்கறாரு"ன்னு தஸ்னீம் முணுமுணுப்பா.

கள்ளக்காசுன்னா வேற ஆளு. கைப்பிடி அளவு கருங்கல்லு ஒண்ணு வெச்சிருக்கார். காசை அது மேல தட்டிவிட்டு காதைச் சாய்ப்பார். நல்ல வெள்ளி கணீர்னு நின்னு பேசும், போலி 'டொக்'னு வாயை மூடிக்கும். அப்புறம் விளிம்பைப் பார்ப்பார். "அச்சுல ஊத்தினது. ஒட்டுத் தெரியாம இருக்க அரம் போட்டிருக்கான் பாரு, திருட்டு நாயி." இதுக்குக் கூலி ஒரு கிளாஸ் சாய். பம்பாய்லேருந்து வர்ற வியாபாரிங்ககூட, மியான் தலையாட்டினா வேற காகிதம் கேட்க மாட்டாங்க. அந்த ஒரு பேருதான் அவருக்குச் சொத்து.

அவர் பக்கத்துல பதினஞ்சு வருஷமா கடை விரிச்சவர் யாதகிரி. பழைய பூட்டு, சாவி, கீல் விக்கிறவர். மழை வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே தார்ப்பாய், மத்தியானம் ஒரே டப்பா. போன மழையில மூசி நதி ஏறி, யாதகிரி வீட்டு ஆத்துப் பக்கச் சுவரை அப்படியே கொண்டு போயிடுச்சு. பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க, எல்லாரும் ஒரு பிளாஸ்டிக் சீட்டுக்குப் பின்னாடி படுத்துக்கிட்டாங்க.

யாதகிரி பதறல. கைவசம் ஒரு காசு இருந்துச்சு. கோதுமைக் கதிர் போட்ட பழைய ஒரு ரூபாய். ஒரு பக்கம் சிங்கம் இருக்கும், கதிர் இருக்க வேண்டிய மறுபக்கத்துல அதே சிங்கம் கண்ணாடியில பார்த்த மாதிரி உள்வாங்கிக் குழிஞ்சிருக்கும். முன்னாடி அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டா, அடுத்ததுல இப்படிப் பதியும். லட்சத்துல ஒண்ணு. பத்து வருஷத்துக்கு முன்னாடி பஜார்ல ஒருத்தன் கொண்டாந்தப்போ, மியான் துள்ளிக் குதிச்சு, "கண்ணை மூடிக்கிட்டு வாங்குடா"ன்னார். யாதகிரி தன் பொண்டாட்டி கம்மலைக் கழட்டிக் குடுத்து அதை வாங்கினார்.

இப்போ பம்பாய் வியாபாரி வந்து உக்காந்தாச்சு. யாதகிரி பஞ்சைப் பிரிச்சுக் காசை எடுத்தார். "மியான், உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த வாரம் செங்கல் இறக்கிடுவேன்."

மியான் லென்சைக் கண்ணுல வெச்சார். குழிஞ்ச சிங்கத்தைப் பார்த்தார். அப்புறம் திருப்பினார். அன்னைக்குத் துள்ளின துள்ளல்ல, திருப்பிப் பார்க்கவே இல்ல. எழும்பி நிக்க வேண்டிய சிங்கம் மொகம் சப்பிக் கிடந்துச்சு. மறுபடி குழிப்பக்கம் திருப்பி வெயிலுக்குச் சாய்ச்சார். சிங்கத்துக்கு அடியில, மயிரிழை மாதிரி, கோதுமைக் கதிர் ஒண்ணு அழியாம நின்னுச்சு. ஆலையிலேயே குழிஞ்ச பக்கம்னா அங்க கதிர் பதிஞ்சிருக்கவே முடியாது; இது ஆலையில விழுந்த தப்பு இல்ல. எவனோ ரெண்டு காசை ஒண்ணு மேல ஒண்ணாப் பட்டறை இடுக்கியில வெச்சு, திருகி நெரிச்சிருக்கான்.

வியாபாரி காசைப் பார்க்கல, மியான் மொகத்தைத்தான் பார்த்தான். ஒரு தலையாட்டல் போதும், சுவர் எழும்பிடும். யாதகிரி சிரிச்ச மொகமா நின்னார்.

"இடுக்கியில நெரிச்சது"ன்னார் மியான். "அன்னைக்கு நான்தான் தப்பாச் சொன்னேன்."

வியாபாரி எழுந்து போயிட்டான். யாதகிரி காசைத் திரும்பப் பஞ்சுல சுத்தினார். அப்புறம் மெதுவாக் கேட்டார்: "பத்து வருஷத்துக்கு முன்னாடி இல்லாத கண்ணு, இன்னைக்கு எங்கேருந்து மியான் வந்துச்சு?"

தஸ்னீம் ரெண்டு நாள் அடுப்பு மூட்டல. மூணாம் நாள் தன் வளையல் ஒண்ணைக் காகிதத்துல சுத்தி யாதகிரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா. அவர் பொண்டாட்டி பிளாஸ்டிக் சீட்டை விலக்கிக்கூடப் பார்க்கல. "போங்க அக்கா, உங்க வீட்டுப் பொருளை இனிமே நம்ப மாட்டோம்"னு உள்ளேருந்து சொன்னா.

யாதகிரி இப்போ பஜாரோட அந்தக் கோடியில, பாலத்துக்குக் கீழ கடை போடறார். மியான்கிட்ட வர்ற வியாபாரிங்களும் குறைஞ்சுட்டாங்க. ஒரு தடவை ஏமாந்த கண்ணுக்கு அப்புறம் என்ன மதிப்பு? சுவர் நின்ன இடத்துல இன்னும் பிளாஸ்டிக்தான் படபடக்குது.

ஹைதராபாத் பக்கம் போனா, ஒரு வியாழக்கிழமை காலையில ஷுஜாத் மியானைப் போய்ப் பாருங்க. ஒண்ணும் வாங்க வேணாம், ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க. முதல்ல தன் இடத்தைக் கூட்டுவார், அப்புறம் பக்கத்துல யாதகிரி உக்கார்ந்த இடத்தையும் கூட்டி, வேற யாரும் உக்காராதபடி நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைப்பார். இடமில்லாட்டி நின்னுக்கிட்டே பேசுங்க. அந்தச் செங்கலை மட்டும் நகர்த்தாதீங்க.