பேத்தியின் பெயருக்கு இரண்டு ராஜா

பேத்தியின் பெயரைச் சீட்டாடி முடிவு செய்தோம் என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்கு என் அம்மாவின் பெயர் வேண்டும். சம்பந்திக்கு அவர்கள் குலதெய்வத்தின் பெயர். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் திறக்காத வாரம். வெம்பக்கோட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ரம்மியில் சம்பந்தியை வெல்ல ஆளில்லை என்பதால் மாப்பிள்ளை போக்கர் என்ற வேறு சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். காசு வைத்தால் சட்டம் பாயும். பேத்தியின் பெயரை வைத்தால் எந்தப் பிரிவிலும் வராது. தாலுகா ஆபீசில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவன், புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஆளுக்குப் பன்னிரண்டு தீக்குச்சி, மருந்தில் முக்காதது. கையில் இரண்டு சீட்டு மறைவாக இருக்கும். பிறகு நடுவில் ஐந்து சீட்டு திறக்கும். ஒருவர் வைத்த குச்சிக்கு ஈடு வைக்க மனமில்லாதவர் சீட்டைக் கவிழ்த்து விலகலாம்; நிற்பவர்களில் கையும் நடுவும் சேர்த்துப் பெரிய பொருத்தம் உள்ளவருக்கே குவியல். எல்லாக் குச்சியும் யாரிடம் சேருகிறதோ அவர் சொல்வதே பெயர்.

மூன்றாம் ஆட்டத்தில் எனக்கு இரண்டு ராஜா வந்தது. நடுவில் இன்னும் ஒரு சீட்டும் திறக்கவில்லை. சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மனைவி நால்வரும் ஆளுக்கொரு குச்சி போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

இதற்கான நடைமுறையை நான் கைபேசியில் படித்துக் குறிப்பே எடுத்திருந்தேன். ராஜா மாதிரிப் பெரிய ஜோடி ஒருவரை எதிர்த்து நின்றால் பெரும்பாலும் ஜெயிக்கும். நாலு பேர் கூடவே வந்தால் யாருக்காவது எதுவாவது பொருந்திவிடும். எனவே சும்மா ஒரு குச்சி போட்டுப் பதுங்கக் கூடாது. கனமாக ஏற்றி மூன்று பேரையாவது வெளியேற்ற வேண்டும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மனுசன் காலை ஆட்டுதாரு, என்னமோ வந்துருக்கு," என்றாள் மனைவி.

என்னிடம் இருந்த குச்சி முழுவதையும் நடுவில் தள்ளினேன்.

சம்பந்தி குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சம்பந்தி மனசார இம்புட்டு வச்சிருக்கீக. உங்க வீட்ல உக்காந்துக்கிட்டு வேண்டாம்னு சொன்னா மருவாதியா இருக்குமா?" என்று தன் குச்சியையெல்லாம் தள்ளினார்.

"அவுக போட்டாச்சு, நான் மட்டும் இங்கன என்னத்தக் காக்க?" என்று சம்பந்தியம்மாவும் தள்ளினார். அவரிடம்தான் ஒன்றிரண்டு குச்சி கூடுதல்.

ஆட்டம் தெரிந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். சீட்டைக் கவிழ்க்கப் போனார்.

"ஏலே, மாமனார் வச்சிருக்காக, நீ கவுக்கியா? நல்லாருக்குலே!" என்றார் அவர் அம்மா. மாப்பிள்ளையும் போட்டார்.

நம்மவளாவது விலகுவாள் என்று நம்பினேன். "எல்லாரும் போட்ட பெறகு நான் ஒருத்தி முறுக்கிக்கிட்டா சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாக?" என்றாள்.

ஆளை விரட்ட வைத்த குச்சியைப் பந்திக்கு அழைத்ததாக எடுத்துக்கொண்டு நால்வரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் படித்த எந்தக் குறிப்பிலும் சம்பந்தி வீட்டாரோடு ஆடுவதற்குத் தனி விதி இல்லை.

நடுவில் ஐந்து சீட்டும் திறந்தன. ராஜா வரவில்லை. பயப்படும்படியும் எதுவும் வரவில்லை. நான் இரண்டு ராஜாவையும் போட்டேன். மூவர் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இது போதுமான்னு பாருங்க," என்று சம்பந்தியம்மா தன் சீட்டைத் திருப்பினார். இரண்டு ரெண்டு. நடுவில் இன்னொரு ரெண்டு கிடந்தது. ஒரே எண் மூன்று சேர்ந்தால் ராஜா ஜோடியும் தோற்கும்.

சம்பந்தி தொடையில் தட்டினார். "குலதெய்வம் ஜெயிச்சுட்டா!"

"நீங்க சும்மா இருங்க," என்றார் சம்பந்தியம்மா. "ஒங்க ரெண்டு பேரு சொன்னதுல எந்தப் பேர வச்சாலும் பிள்ளை வெக்கப்பட்டுப் பள்ளிக்கூடம் போகமாட்டா." பிறகு, நாங்கள் ஒருவரும் யோசிக்காத, இரண்டே எழுத்துள்ள ஒரு பெயரைச் சொன்னார்.

உள்ளறையில் என் மகள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்து அழுதது. எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

மறுநாள் காலை நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் சேர்க்கும் படிவம் இன்னொன்று கேட்டேன். வீட்டில் இருந்த படிவத்தில் என் அம்மா பெயரை முன்கூட்டியே மையால் எழுதியிருந்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்கமாட்டார்கள்.