போத்தில் இல்லாத கண்ட்ரிப் பாட்டு

ஸ்டீல் கிட்டார் கம்பியில் இரும்பு வழுக்கிப்போகும் சத்தம் பல்வலிக்காரர் முனகுவதுபோல இருக்கும். போன கிழமை லண்டன் நோர்பரியில் மீன் வாங்க நின்றபோது கடை ரேடியோவில் அது முனகியது. அந்த முனகலை வைத்து நான் சில காலம் சோறு தின்றவன்.

1. முதல் நாள்

வால்தம்ஸ்டோவில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் ரெஜி அண்ணையின் ஸ்டூடியோ. மன்னாரில் பிறந்து, டென்மார்க்கில் கிட்டார் பழகி, லண்டனுக்கு வந்தவர். கோயில் டின்னர் டான்ஸ், வெள்ளிவிழாக் கலியாணம், முப்பத்தோராம் நாள் நினைவு எல்லாவற்றுக்கும் அமெரிக்கக் குதிரைக்காரரின் கண்ட்ரிப் பாட்டைத் தமிழில் செய்து கொடுப்பார். எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்குக் கண்ட்ரி என்றால் உயிர். கவிதை எழுதுகிறவன் என்று என்னைப் பாட்டெழுத எடுத்தார்.

"தம்பி, கவிதையை வீட்டில வைச்சிட்டு வாரும். இதுக்கு அம்மா வேணும், றோட்டு வேணும், விட்டிட்டுப் போன பெட்டை வேணும், சாராயப் போத்தில் வேணும். கடைசியில ஆண்டவர் வருவார்."

"மழை?"

"அது எல்லாத்திலயும் பெய்யும்."

இதைவிடச் சோம்பேறித்தனமான துக்கத்தை நான் கண்டதில்லை. அந்தப் பாட்டுகளின் றோட்டில் ட்ராபிக் லைட் கிடையாது. அம்மா எப்போதும் செத்துப்போயிருப்பாள். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் ஏசியிருக்கமாட்டாள். பெட்டை ஏன் போனாள் என்று ஒருவரும் கேட்பதில்லை, கேட்டால் பாட்டு நின்றுவிடும். போத்தில் மட்டும் விசுவாசமாகக் கூடவே இருக்கும். நோர்த் சேர்குலர் றோட்டு நெரிசலில் டெலிவரி வானுக்குள் அகப்பட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பார்சல் கொண்டுபோகிற எங்கள் ஆட்களைத் தனிமைக் குதிரைக்காரர் ஆக்கி விற்றோம். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்கள்.

ரெஜி அண்ணையிடம் இன்னொரு பழக்கம். நன்றாக அழவைத்த சரணத்தை அடுத்த பாட்டிலும் ஒட்டிவிடுவார். பெயரை மட்டும் மாற்றிப் பாடவைப்பார்.

2. செவன் கிங்ஸ் அக்கா

வான் ஓட்டிய யோசப் என்பவர் இறந்து, முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய தம்பி பாட்டுக் கேட்டிருந்தார். நான் இரண்டு சரணம் எழுதினேன். மூன்றாவதை ரெஜி அண்ணை பழைய பாட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். யோசப்பின் மனைவி திரேசா அக்கா செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து அதைக் கேட்க ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"யோசப்பே, உன் ராத்திரிக்குப் போத்தில்தான் துணை" என்று பாட்டுக் குழைந்தது.

"நிப்பாட்டுங்கோ."

"அழுகை வருதோ, தங்கச்சி? வரத்தான் வேணும்."

"மகள் கோயில்ல முதல்நன்மை வாங்கிறதுக்கு முதல்நாள் குடியை விட்டவர், அண்ணை. சாகுமட்டும் தொடேல்ல. கை நடுங்கினால் வெளியால போய் வானைக் கழுவுவார். பனிக்குள்ளயும் கழுவுவார். சனிக்கிழமை ஹோலில முழுச் சனத்துக்கும் முன்னால அவரைத் திருப்பிக் குடிக்க வைக்கப்போறீங்களோ?"

"உங்கட மனுசன்ர தம்பி கேட்டிட்டு ஓம் எண்டவர். பாடின ஆள் பாரிசுக்குப் போய்ட்டார், இனி மாத்த ஏலாது. அதோட, போத்தில் இல்லாட்டி இது கண்ட்ரியே இல்லை."

"அப்ப என்ர மனுசன் கண்ட்ரி இல்லை. விடுங்கோ."

நான் மவுஸைப் பிடித்து, மூன்றாம் சரணத்தில் குரலை மட்டும் மியூட் செய்தேன்.

"என்ன செய்யுறீர்?"

"வானைக் கழுவுறன், அண்ணை."

"வெறும் கிட்டாருக்கு ஆரப்பா அழுவினம்? உமக்குக் கண்ட்ரி விளங்கேல்ல. நாளைக்கு வரவேண்டாம்."

அக்கா அழவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "இது காணும், போதும்" என்றார். அதை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு நானும் ஜக்கெட்டை எடுத்தேன்.

பாட்டெழுத வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரெடிமேட் சோகம் எல்லோருக்கும் அளவாக இருக்கும், அதுதான் அதன் அசிங்கம். செத்தவர் எதோடு மல்லுக்கட்டினார் என்று விசாரியுங்கள். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கிட்டாரை வாசிக்க விடுங்கள்.

பஸ் தரிப்பிடம் வரை அக்காவோடு நடந்தேன். பஸ் வந்தது.

"சனிக்கிழமை வாங்கோ, தம்பி. சாப்பாடு இருக்கு." உள்ளே கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "குடிக்க மட்டும் ஒண்டும் எதிர்பாக்காதேங்கோ."