பேஸ்மென்ட்டிலிருந்து இரண்டு தட்டு

கயல் அக்கா, இது கனவு இல்லை. நான் குடிக்கவும் இல்லை. முந்தாநாள், பட்டப்பகலில், தி.நகரில் நடந்தது. டைப் அடிக்க முடியவில்லை, அதனால் போனில் பேசியே எழுத்தாக்கி அனுப்புகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நான் வேலை பார்ப்பது ஈக்காட்டுத்தாங்கலில், சோடா கேஸ் ஏஜென்சியில். கார்பன் டை ஆக்சைடைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். உர ஆலையும் சாராய ஆலையும் வெளியே விடுகிற கேஸைச் சுத்தம் செய்து, தண்ணீர் மாதிரி ஆகும்வரை அழுத்தி, சிலிண்டரில் அடைப்பார்கள். இந்தக் கோடையில் சில ஆலைகள் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன. வரத்து இல்லை. சோடா கம்பெனிக்காரர்கள் எங்கள் வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். எங்கள் முதலாளி ஸ்ரீரங்கன், இருந்த சிலிண்டரையெல்லாம், வால்வு தேய்ந்த பழசு உட்பட, தி.நகரில் பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையின் பேஸ்மென்ட்டில் பதுக்கிவிட்டார். விலை ஏறட்டும் என்று.

இந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பேஸ்மென்ட்டில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை.

என்னோடு வந்தவர் வாஜித் பாய், சைதாப்பேட்டைக்காரர். போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது. வண்டியில் வரும்போதெல்லாம் அதன் பேச்சுதான். கரண்ட் வந்தபிறகு இறங்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முதலாளி போனில் கத்தினார். மூன்று சிலிண்டர், உடனே வேண்டுமாம்.

உள்ளே முன்பு லிஃப்ட் இருந்த குழி ஒன்று உண்டு. அதன் மேலே சிலிண்டர் தூக்க ஒரு செயின் புல்லி. பாய் ஒரு பால் டின்னில் மெழுகுவத்தி ஏற்றி, கயிறு கட்டிக் குழிக்குள் விட்டார். மெழுகுவத்தி அணைந்தால் கீழே இறங்கக் கூடாது. எங்கள் ஆட்களின் சோதனை அது.

டின் பாதி தூரம் போனதும் வெளிச்சம் பட்டென்று போய்விட்டது.

மேலே இழுத்தார். எரிந்துகொண்டிருந்தது.

“அணைஞ்சுது பாய். நான் பார்த்தேன்.”

“கண்ணு முன்னாடி எரிஞ்சிகினு கீது, இன்னா பயம் நைனா? உன்ன நம்புனா ஊரே சோடா இல்லாம விக்கிகினு கெடக்கும்.”

சிரித்துக்கொண்டே படிக்கட்டில் இறங்கினார். பாதியில் படி திரும்பும். அவருடைய செல்போன் வெளிச்சமும் அங்கே திரும்பி மறைந்தது. வழக்கம் இதுதான்: கீழே அவர் கொக்கியை மாட்டிவிட்டு, சிலிண்டர் மேல் இரண்டு தட்டு தட்டுவார். மேலே நான் செயினை இழுக்க வேண்டும்.

மணி சரியாக மூன்று.

டங்... டங்.

இழுத்தேன். முதல் சிலிண்டர் வந்தது. வெளியே அனல் அடிக்கிறது. இது உடம்பு முழுக்கப் பனி பூத்திருந்தது.

டங்... டங்.

இரண்டாவது. பாய் எப்போதும் கீழிருந்து பாடுவார், இல்லையென்றால் என்னைத் திட்டுவார். அன்று ஒரு சத்தமும் இல்லை. குழிக்குள் வெளிச்சமும் இல்லை. இருட்டில் எப்படி மாட்டுகிறார்...?

கொக்கியை மறுபடி இறக்கினேன். அது இன்னும் தரையைத் தொடவே இல்லை, அதற்குள் சத்தம்.

டங்... டங்.

மூன்றாவதும் வந்துவிட்டது.

“பாய், போதும். மேல வாங்க.”

குழிக்குள் எட்டிப் பார்த்தேன்.

கொக்கியைச் சும்மாதான் கீழே விட்டேன். மாட்ட வேண்டியது ஒன்றும் இல்லை.

டங்... டங்.

“பாய்?”

செயின் விறைத்தது. இழுத்தேன். அது சிலிண்டரின் கனம் இல்லை. லேசாக இருந்தது... ஆடியது. நான் இழுக்காதபோதும் செயின் அசைந்தது. யாரோ அதைப் பிடித்து ஏறுகிற மாதிரி.

கையை விட்டேன்.

அசைவு நிற்கவில்லை.

பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்...

பிறகு கனம் போய்விட்டது.

ஆனால் எதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

தெருவுக்கு ஓடிப் போய்க் கத்தினேன். எதிர் டீக்கடைக்காரர் தீயணைப்புக்குப் போன் செய்தார். அவர்கள் முகமூடி போட்டு இறங்கினார்கள். பாயைத் தூக்கி வந்தபோது உதடு நீலமாக இருந்தது, மூச்சு இல்லை. நான் பார்த்தேன் அக்கா. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி அன்வரி பேகம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நீ மேலதான இருந்த?” நான் தலையாட்டினேன்.

அந்த மூன்று சிலிண்டரும் அன்று சாயங்காலமே வண்டி ஏறிப் போய்விட்டன. தட்டுப்பாடு சமயம், யாரும் எதுவும் கேட்கவில்லை. போலீஸ் அந்தக் கடைக்கு வைத்த சீலை எடுத்ததும் மிச்சத்தை ஏற்ற வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். புது ஆள் மேலே செயின் இழுப்பானாம். கீழே இறங்கப் போவது நான். வேறு வேலை தேடிப் பார்த்தேன், ஒன்றும் அமையவில்லை. ஊருக்கு வந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இன்று காலை போலீஸ் ஸ்டேஷனில் தீயணைப்பு அதிகாரியைப் பார்த்தேன். படிக்கட்டுத் திருப்பம் வரைக்கும் கேஸ் நிரம்பியிருந்ததாம். அதில் நெருப்பு நிற்காதாம். மனிதன் என்றால் இரண்டு மூச்சுதானாம். மூன்று சிலிண்டர் மேலே வந்ததைச் சொன்னேன். கையிலிருந்த ஃபைலை மறுபடி புரட்டினார். அப்புறம்தான் பாயை எங்கே கண்டெடுத்தார்கள் என்று சொன்னார்.

திருப்பத்துக்கு அடுத்த படியில். தலை கீழாக.

வாஜித் பாய் பேஸ்மென்ட் தரையை மிதிக்கவே இல்லை.