ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாம், வாங்க

ஊரைச் சுற்றிக் காட்டுகிற வேலை என்றால் ஜாலியாக ஊர் சுற்றுகிற வேலை என்று நினைக்கிறார்கள். அது தலையை எண்ணிக்கொண்டே இருக்கிற வேலை. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன டீச்சர்களே, சொந்தக்காரர்களை வேன் வைத்துத் திருப்பதிக்கு அழைத்துப்போன புண்ணியவான்களே, உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

என் பெயர் ஷமீம். தர்மபுரியில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் இருக்கிறேன். வடமாநிலங்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்த குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போவது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் உருது பேசுவோம். அந்த ஒரு தகுதிக்காகத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

சும்மா பார்க்கத்தான்

கிரானைட் பட்டறைக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். "சித்தேரி மலைக்குப் போகலாம், வேனும் சாப்பாடும் எங்க பொறுப்பு" என்றேன். கல்லுக்குப் பாலிஷ் போடுகிற லல்லன், தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு, "எதுக்கு?" என்றார். சும்மா பார்க்கத்தான் என்றேன். அந்தச் 'சும்மா'தான் அவர்களைப் பயமுறுத்தியது என்று பிறகுதான் புரிந்தது. பீகாரிலிருந்து வந்து சில வருஷமாகியும் பட்டறை, மளிகைக் கடை, ரயில்வே ஸ்டேஷன் தவிர இந்த ஊரில் அவர்கள் எதையும் பார்த்ததில்லை. மலை என்றால் கல் வருகிற இடம், அவ்வளவுதான்.

விடாமல் திரும்பத் திரும்பப் போனேன். ஒருநாள் லல்லனின் மனைவி சுனிதா வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள். அவர்கள் பேச்சில் 'தீதி' என்றால் அக்கா.

"தீதி, சாயங்காலம் திரும்ப இங்கயே கொண்டாந்து விட்டுருவீங்கல்ல?"

மலையடிவாரத்தில்

சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்க வேண்டும், ஆதார் கார்டைக் காட்ட வேண்டும் என்றார் காவலுக்கு நின்றவர். பைக்கில் வந்த நம் ஊர்ப் பையன்கள் கையை ஆட்டிவிட்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். சுனிதா ரவிக்கைக்குள்ளிருந்து கசங்கிய நகலை எடுத்து ஏற்கெனவே நீட்டிவிட்டாள். எங்கே போனாலும் கேட்பார்கள் என்று கைக்கே பழகிப்போயிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்களை மட்டும் ஏன் என்று கேட்டேன். "இவங்களுக்கு மலையில என்னம்மா வேல?" என்றார் அவர்.

எங்கள் டிரைவர் முருகேசண்ணன் அதிகம் பேசாதவர். ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே சொன்னார்:

"சார், மல ஒங்க வூட்டுதும் இல்ல, எங்க வூட்டுதும் இல்லீங்களே."

கட்டிப்போட்ட பரிசல்

அன்றைக்கு ஒருவழியாக மலைக்குப் போய் வந்தோம். அடுத்த முறை ஒகேனக்கல். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பரிசலில் ஏறினார்கள். சுனிதா மட்டும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்த ஊரில் வெள்ளம் வந்து வீட்டோடு தம்பியையும் கொண்டுபோனதாம். ஆற்றுச் சத்தத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். இது தெரியாமல் கூட்டி வந்தோமே என்று எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கரையில் நின்ற இன்னொரு பரிசல்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "தண்ணிக்குள்ள போக வேணாம்மா. கரையிலயே கட்டிப்போட்டு வெக்கிறேன், சும்மா உக்காந்து பாருங்க" என்று கயிற்றை ஒரு பாறையில் சுற்றினார். நான் அதை உருதுவில் சொன்னேன். சுனிதா ஏறி, விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். பரிசல் இருந்த இடத்திலேயே அசைந்தது. பரிசல்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு அவள் பக்கமே திரும்பாமல் நின்றார். வெகுநேரம் கழித்து அவள் ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அவுத்துவிடச் சொல்லுங்க தீதி."

மீன் கடைப் பக்கம்

அன்றைக்கே மதியம். சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மீன் வறுக்கிற கடைகள் பக்கம் பெரிய இரைச்சல். பார்த்தால் கூட்டத்தின் நடுவே லல்லன், அவர் தோளில் வீறிட்டு அழுகிற ஒரு சின்னப் பெண் குழந்தை. வழி தவறி நின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அம்மா எங்கே என்று இந்தியில் கேட்டபடி கடை கடையாகப் போயிருக்கிறார். கேட்டவர்களுக்குப் புரிந்தது ஒன்றுதான்: வடக்கத்திக்காரன் கையில் நம் ஊர்ப் பிள்ளை.

ஒருவன் லல்லனின் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டான். செல்போன்களில் வீடியோ ஓட ஆரம்பித்தது. எப்படி உள்ளே புகுந்தேனோ தெரியாது. "எங்ககூட வந்தவருங்க, அம்மாகிட்ட சேக்கத்தான் தூக்கியிருக்காரு" என்று கத்தினேன். "நீயும் அவங்க ஆளா?" என்றது ஒரு குரல். முருகேசண்ணன் லல்லனின் முதுகோடு முதுகாக வந்து நின்றுகொண்டார், அடி விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. பிள்ளையைப் பிடுங்கப் பார்த்தார்கள். அது லல்லனின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் கூட்டம் கொஞ்சம் தயங்கியது. அதற்குள் தாய் ஓடிவந்தாள். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லல்லனைப் பார்த்துக் கும்பிட்டாள். சட்டையைக் கிழித்தவன் கையை உதறிக்கொண்டான்.

"புள்ள கெடச்சிருச்சில்ல, அப்பறம் என்ன, போங்க போங்க."

திரும்பும் வழி

வேன் கிளம்பியது. இனி இவர்கள் பட்டறையை விட்டு வெளியே வரமாட்டார்கள், இத்தனை மாத உழைப்பும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் இதை நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பென்னாகரம் தாண்டியதும் லல்லன் கிழிந்த காலரைப் பிடித்தபடி முன்னால் குனிந்தார்.

"கோபமில்ல தீதி. இந்த ஊருல கொழந்த அழுதா தூக்கலாமா, தூக்கக்கூடாதா, அத மட்டும் சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு

மன்னிப்புக் கேட்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். எல்லா வீட்டிலும் பூட்டு. ஊருக்கே ரயிலேறிவிட்டார்களோ என்று போனைப் போட்டேன். லல்லனின் போன் அணைந்திருந்தது. வாட்ச்மேன், "பாப்பிரெட்டிப்பட்டி பஸ் எதுன்னு கேட்டுட்டுப் போனாங்க" என்றார். சித்தேரிக்குப் போகிற வழி அது. முருகேசண்ணனை எழுப்பி வேனை எடுக்கச் சொன்னேன். சித்தேரி அடிவாரத்தில் ஓடையோரம் புளியமரத்தடியில் இருந்தார்கள். நான் பார்த்தேயிராத இன்னும் சில குடும்பங்களையும் சேர்த்து அழைத்து வந்திருந்தார்கள். லல்லன் கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். சுனிதா தண்ணீரில் முழங்கால்வரை நின்றபடி மூச்சு வாங்க ஓடிவந்த என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"தீதி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமதானே, நீங்க லீவு எடுக்கலியா?"

நான் இல்லாமலே அவர்கள் வெளியே போய் வர வேண்டும் என்றுதான் இத்தனை நாள் பாடுபட்டேன், ஆனால் என்னைக் கூப்பிடாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.