பொடி தட்டிய கொல்லையில் மழை

அந்த ஆடியில் எங்களுக்கு மழையும் வேண்டியிருந்தது, மழை வராமலும் இருக்க வேண்டியிருந்தது. உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் மானாவாரிக் கொல்லையில் வேர்க்கடலை. முதல் மழைக்குச் செடி தழைத்தது. அதே மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி கிளம்பி முட்டையிட்டு, கொல்லை முழுக்கக் கம்பளிப்புழு.

எனக்குக் காலேஜ் லீவு. விடிந்ததும் அப்பாவும் நானும் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு போவோம். மருந்துப் பொடியைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, செடிக்கு மேலே பிடித்துக் குச்சியால் தட்ட வேண்டும். இலையில் லேசாக ஈரம் இருந்தால்தான் பொடி ஒட்டும். மழை பெய்தால் ஓடிவிடும். இரண்டு தடவை தட்டினோம். இரண்டு தடவையும் சாயங்காலமே மழை கொட்டி இலையைக் கழுவிவிட்டுப் போனது. புழு மட்டும் குளித்துவிட்டுச் சாப்பிட வந்தது.

மிச்சம் ஒரே ஒரு பை. வாலாஜாபாத் கடைகளிலும் சரக்கு இல்லை.

மறுநாள் வானம் கருத்திருந்தது.

“தட்டிடலாம் நைனா. ரேடியோவுல மழை இல்லன்னான்,” என்றேன்.

“ரேடியோக்காரன் நம்ம கொல்லைய வந்து பாத்தானா?”

“அப்ப புழு தின்னுக்கினே இருக்கட்டுமா?”

“மழைய நிறுத்த உங்க காலேஜ்ல எதுனா சொல்லிக் குடுத்தா சொல்லு, தட்றேன். இதுவும் போச்சுன்னா அப்பறம் இன்னாத்த தட்டுவ? என் தலையயா?”

காத்திருந்தோம். மேகம் பகல் முழுக்க அப்படியே நின்றது. ஒரு சொட்டு விழவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாதிக் கொல்லை வெறும் காம்பு.

அம்மா வரப்பில் குந்திக்கொண்டு, “மழைக்கு பயந்துக்கினு புழுவுக்கு விருந்து வெச்சிட்டீங்க,” என்றாள்.

அடுத்த நாள் அப்பா வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மிச்சப் பாதியில் மொத்தப் பொடியையும் தட்டினோம். கண் எரிந்தது, தொண்டை கசந்தது. மழை வரவில்லை. புழு சுருண்டு சுருண்டு விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அதற்கப்புறமும் மழை வரவில்லை. பூ விடுகிற நேரம். காப்பாற்றிய செடிகள் உச்சி வெயிலில் இலையை மடித்துக்கொண்டன.

“இப்ப வந்தா தேவல,” என்றார் அப்பா.

“வரவேணாம்னு வேண்டிக்கினது நீங்கதான்,” என்றாள் அம்மா. “வெதைக்காவது கடலை வோணும். எழுந்திருங்க.”

சண்டை போட யாருக்கும் தெம்பில்லை. ஆளுக்கொரு குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தோம்.