பருத்திப்பட்டில் ஒரு மலை

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். நேற்று "மலையும் கடலும்" என்று நான் போட்ட படத்துக்கு அத்தனை பேர் லைக் போட்டீர்களே, அது கடலே இல்லை. நம்ம பருத்திப்பட்டு ஏரிதான்.

இன்று காலை மாடி வீட்டு ஐடி தம்பி என் ஆட்டோவை மறித்தார். சொந்த ஊர் மதுரை. கழுத்தில் பெரிய கேமரா.

"அண்ணே, அந்த எடம் கோவா பக்கமா? கல்யாண நாளுக்கு அங்கதான் கூட்டிட்டுப் போறேன்னு வீட்ல சொல்லிட்டேன். லீவும் போட்டாச்சு. டிக்கெட் போடணும்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"டிக்கெட் இன்னாத்துக்கு நைனா? ஏறு, பத்து நிமிசத்துல காட்றேன்."

ஏரிக்கரையில் இறங்கியவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவாண்ணே கடல்?"

"கொஞ்சம் குந்திகினு பாரு, அலை தெரியும்."

"சரி, மலை எங்கண்ணே?"

அக்கரையில் அடுக்குமாடிக்குத் தோண்டிய மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். நேற்று நான் எடுத்தது அதைத்தான். நாங்கள் போனபோது அந்த மண்ணை அள்ளிக்கொண்டு கடைசி லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.

மலை திருமுல்லைவாயில் பக்கம் போயிருக்கிறதாம். பார்த்தவர்கள் எந்தத் தெரு என்று சொல்லுங்கள். தம்பி இன்னும் ஆட்டோவில்தான் உட்கார்ந்திருக்கிறார்.