ஐந்து கியூப் கிரவல்

போன மாரியில் வாவித் தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. செட்டிபாளையத்தில் எங்கள் வளவு கொஞ்சம் பள்ளம். நானும் மகளும் அரிசி மூட்டையைக் கட்டிலில் தூக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே காலை மடக்கிக் குந்தியிருந்தோம். இந்த முறை மழைக்கு முன்பே முற்றத்துக்குக் கிரவல் மண் கொட்டி உயர்த்திவிடுவது என்று முடிவெடுத்தேன். எவ்வளவு கொட்டுவது என்பதில்தான் நித்திரை போனது.

கிரவல் கியூப் கணக்கில் வரும். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஒரு கியூப். எங்கள் முற்றம் நாற்பதடிக்கு இருபத்தைந்தடி. அரையடி உயர்த்த ஐந்து கியூப் வேண்டும், ஓரடிக்குப் பத்து. கட்டாரில் வேலை செய்யும் கணவரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"பத்தையும் கொட்டு. ஒரேயடியா உயத்திவிட்டா மறுகா பயமில்லை" என்றார்.

அவருக்குச் சொல்வது சுலபம். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு. அம்மா தன் காணியை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதனமாகத் தந்தார். அத்தான் இறந்த பிறகு அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். என் முற்றம் உயர்ந்தால் என் வளவில் நிற்கும் தண்ணீரெல்லாம் அவள் வீட்டுக்குள்தான் போகும். குறைத்துக் கொட்டினால் என் வீட்டுக்குள் வரும்.

கிரவல் ஏற்றும் டிப்பர் லொறிக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, எத்தினை கியூப் எண்டு நாளைக்குள்ள சொல்லுங்க. ஒரு மழை விழுந்தா உங்கட ஒழுங்கைக்குள்ள டிப்பர் வராது. மறுகா தை மாசம்தான்."

கடல் பக்கம் வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. அக்காவிடம் போனேன். இறால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"முத்தத்துக்குக் கிரவல் போடப்போறன் அக்கா."

"எவ்வளவு?"

"ஐஞ்சோ, பத்தோ..."

கை நின்றது. "பத்தா? என்னகா, என்னைத் தண்ணிக்குள்ள தாட்டுப்போட்டு நீ மேட்டில இருக்கப்போறியா?"

மறுபடி இறாலை உடைக்கத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றினேன். குடிக்க மனம் வரவில்லை. அவளோடு முகம் முறித்துக்கொண்டு அந்த மாரியை எப்படிக் கடத்துவது?

மறுநாள் காலையில் அவளே வேலியடிக்கு வந்தாள். கையில் அளவு நாடா.

"முத்தம் முழுக்க எதுக்கு உயத்துறாய்? ரெண்டு வீட்டு வாசலையும் ஒட்டிப் பத்தடிக்குப் போடுவம். நடுவில வாய்க்கால் வெட்டித் தண்ணிய ஒழுங்கைக்கு விடுவம்."

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். வாசற்புறத்தின் அகலம் வீட்டுக்கு இருபத்தைந்தடி. அதே ஐந்து கியூப், இரண்டு வீட்டுக்கும் ஓரடி உயரம் தந்தது. கணக்கில் பிழை இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்துவிட்டு டிப்பர்காரரை அழைத்தேன்.

கொட்டியபோது குவியல் மலை போல இருந்தது. கூடிவிட்டதோ என்று பயந்தேன். வேலியைப் பிரித்து நடுவில் வாய்க்கால் வெட்டிவிட்டு, இருவரும் கிரவலை மண்வெட்டியால் பரப்பினோம். தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் இடித்து இறுக்கினோம். இறுக இறுக அது கீழே போனது. ஓரடி என்று நினைத்தது முக்காலடிதான் தேறியது. இப்போது போதாதே என்ற பயம். இன்னொரு லோட் கேட்போமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் மழை விழுந்துவிட்டது.

அது நாட்கணக்கில் விடாமல் பெய்தது. வாவி நிரம்பியது, ஒழுங்கை மறைந்தது. நானும் அக்காவும் அவரவர் வாசலில் நின்று கிரவலின் சிவப்பு விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அதில் ஏறியது, படிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்ட நேரம், உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

"அம்மா! குசினிக்குள்ள தண்ணி!"

சமையலறை வீட்டின் பின்பக்கம்; நான் முன்பக்கத்தை மட்டும்தான் அளந்திருந்தேன். விளக்குமாற்றோடு ஓடினேன். என் பின்னால் அக்காவும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என்னைத் திட்டியபடியே வந்தாள்.